ஒன்றேமுக்கால் அங்குலப் பட்டாளம்

ஆறாம் அத்தியாயம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தக்கலையில் சுபேதார் இஸ்ரவேலின் வீட்டு ஹாலில், ஜப்பானியப் பட்டாளம் ஒன்று மேசைமேல் நின்றிருந்தது. இருநூற்றுப் பதினாறு பேர். எல்லாரும் ஈயம்.

"அண்ணாச்சி, இவனுவள பஸ்ஸுல ஏத்துனா அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கோலப்பன் காதருகே கேட்டான்.

மூன்று மாதத்துக்கு முன்புவரை கோலப்பன் நாகர்கோவில் - தக்கலை பஸ்ஸில் கண்டக்டர். பயணிகளிடம் வாயைக் கொடுத்து வேலையை இழந்து, துப்பறிவாளர் ரசலையனிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். ரசலையனோ எட்டு வருஷம் சர்வே ஆபீசில் நிலவரைபடம் போட்டவர். சங்கிலி பிடித்து அளந்த கை. எதைப் பார்த்தாலும் அது எத்தனை அடி என்று மனசுக்குள் கணக்குப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அவர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் நேசம்மாள்.

முந்தின நாள் அவள் ரசலையனின் ஆபீசுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். சபையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல் திறக்கிறார்கள். யுத்தத்தில் செத்துப்போன சபையார் ஒன்பது பேரின் பெயர் அதில் இருக்கும். பத்தாவது பெயர் அவள் புருஷன் யோவானுடையது. அதை எழுதவில்லை. சிங்கப்பூரில் பிடிபட்டு, ஜப்பான்காரர்களால் பசிபிக் கடலுக்குள் நியூ பிரிட்டன் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட கைதிகளில் யோவானும் ஒருவன். அங்கே காட்டுக்குள் ஒளிந்திருந்த நான்கு கூட்டாளிகளை அவன் காட்டிக் கொடுத்தான் என்பது பேச்சு. சொன்னவர் அதே முகாமில் இருந்து உயிரோடு திரும்பிய ஒரே ஆள், சுபேதார் இஸ்ரவேல்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு பேரு வேணும்" என்றாள் நேசம்மாள். "எனக்க மகள கோயில் வாசல்ல வச்சு யூதாசுக்க மவள்னு சொல்லுகாவ. ஞாயித்துக்கிழமை கல்ல நாட்டிட்டா அது கல்லுல எழுதுன மாதிரி ஆயிராதா?"

ஞாயிறு காலைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருந்த ஒரே சாட்சி இந்த மேசை.

மேசை பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம். அதன்மேல் அந்தத் தீவின் ஒரு மூலை. மலைச்சரிவு, ஓடை, காட்டுப்பாதை, ஓலைக் குடிசைகள், கறுப்பு மணல் கடற்கரை. சுபேதாருக்கு ஐம்பது வயது இருக்கும். முறுக்கிய மீசை, வெளுத்த அரைக்கைச் சட்டை, உற்சாகமான குரல். ரசலையன் ஒரு பொம்மையைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எப்படிச் செய்யுகேன்னு கேக்கப்படாதா? எல்லாரும் கேப்பாவ" என்றார்.

கேட்காமலே சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கும். முதலில் மெழுகில் ஒரே ஒரு சிப்பாயைச் செதுக்குவார். அதைப் பாதி புதையும்படி சாந்தில் பதித்து, இறுகியதும் மறுபாதிக்கும் சாந்து ஊற்றுவார். எலும்பு முறிந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுகிற அதே வெள்ளைச் சாந்துதான். இரண்டு பாதியையும் பிரித்தால் உள்ளே சிப்பாயின் வடிவத்தில் ஒரு பொந்து. ஈரம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் உருகின ஈயம் பட்டதும் ஆவி பொங்கி முகத்தில் தெறிக்கும். ஆகவே நான்கு நாள் வெயில். பிறகு உள்ளே மண்ணெண்ணெய் விளக்கின் கரியைப் பிடிக்க வைப்பார். கரி இருந்தால் ஈயம் வழுக்கிக்கொண்டு விரல் நுனிவரை ஓடும். ஈயம் முட்டத்திலிருந்து, வலையில் கட்டும் குண்டுகளாக வருகிறது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனிடம் வாங்கின வெள்ளீயத்தையும் கொஞ்சம் சேர்த்தால் துப்பாக்கி முனைகூட முறியாமல் விழும்.

"வர்ணம்?"

"அதாக்கும் விஷயம். முதல்ல அடிவர்ணம். காஞ்ச பொறவு கறுப்ப நல்லா நீர்க்கக் கரைச்சு மேல ஒழுக விடணும். அது மடிப்புல எல்லாம் போய்த் தங்கும். பின்ன, பிரஷ்ஷைத் துணியில துடைச்சுட்டு, ஒண்ணுமில்லாத மாதிரி மேடான இடத்துல மட்டும் வெளுப்பத் தடவணும். பாத்தியளா, சட்டை சுருங்குன மாதிரி தெரியும். பிரஷ்ஷு அணில் வாலு ரோமம்."

"மணலு?"

"மணவாளக்குறிச்சி. அங்க உள்ள கடக்கரையும் இதே கறுப்பாக்கும். எனக்கு எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கணும். ஓர் அங்குலத்துக்கு மூணடி. ஆளு அஞ்சேகாலடி, பொம்மை ஒண்ணேமுக்கால் அங்குலம். மரம், குடிசை, ஓடை எல்லாம் அந்தக் கணக்குத்தான். ஆஸ்திரேலியாக்காரனுக்கத் தொப்பி அரைக்கால் அங்குலம் பெருசாப் போச்சுன்னு நாப்பது பேர உருக்கிப் போட்டேன்."

விடுதலையான பிறகு ஆஸ்திரேலியர்களின் ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு மேஜர் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாராம். ஒருவர் ஜப்பான், ஒருவர் ஆஸ்திரேலியா. சிப்பாயை நகர்த்த அங்குலக்கோல். சுட்டால் பட்டதா இல்லையா என்று சொல்லத் தாயக்கட்டை. சபைக் கமிட்டியின் செயலாளர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஜெபகனி, ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு வந்து எதிர்ப்பக்கம் ஆடுவார். செத்தவர்களை எடுத்துப் போட ஓரத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

அதுவரை ரசலையனுக்கு அந்த மேசை பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். பிறகு அவர் பாதையின் பின்பகுதியைப் பார்த்தார்.

அங்கே அறுபது கைதிகள் வரிசையாக நின்றார்கள். இந்தியர்கள். கோவணம், தலையில் அரிசி மூட்டை, மூட்டைக்கு அடியில் சும்மாடு. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"எலும்புக்குத்தான் மெனக்கேடு" என்றார் சுபேதார். "மூணு பூச்சு. தவிட்டு நிறம், கறுப்புத் தண்ணி, பின்ன மஞ்சள் கலந்த வெளுப்பு. காலுல புண்ணு இருக்கு பாத்தியளா? அதுக்குக் குங்குமச் சிவப்புல ஒரு துளி தேன் மெழுகு. மினுங்கும்."

கோலப்பன் மேசையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"ஆட்டத்துல இவங்களுக்கு என்ன கணக்கு?" என்று ரசலையன் கேட்டார்.

"ஜப்பான் பக்கம் ஆடுறவருக்கு ஆளு ஒண்ணுக்கு அரைப் புள்ளி. செத்தா எதிராளிக்குப் புள்ளி கிடையாது. சும்மா டின்னுல போட்டிரலாம்."

வரிசையின் தலைப்பில் ஒருவன் தனியாக நின்றான். அவன் தலையில் மூட்டை இல்லை. வயிறு மற்றவர்களுடையதைப் போல ஒட்டாமல் உருண்டையாக இருந்தது. வலது கையை நீட்டி ஓடைப் பக்கம் சுட்டிக்கொண்டிருந்தான்.

"இதாக்கும் யோவான்" என்றார் சுபேதார். "அவனுக்கப் பெண்டாட்டி வந்தப்பம் கையில எடுத்துக் குடுத்தேன். பாக்கட்டும்னு. அவளுக்கும் உண்மை தெரியணும் இல்லியா."

கோலப்பன் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

ரசலையன் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆஸ்திரேலியர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஜப்பானியர்களை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆஸ்திரேலியர்களுக்கு முகம் நன்றாக இருந்தது. புருவம், மூக்கு நுனிச் சிவப்பு, பொத்தான் எல்லாம் உண்டு. முதுகில் ஒன்றும் இல்லை. ஒரே பச்சைப் பூச்சு. ஜப்பானியர்களோ நேர்மாறு. முகம் எல்லாம் ஒரே மாதிரி, இரண்டு கோடு, ஒரு புள்ளி. ஆனால் முதுகு! சோற்றுப் பாத்திரத்தை மூட்டையோடு கட்டிய கயிற்றின் முடிச்சு, தொப்பிக்குப் பின்னால் கழுத்தை மறைத்துத் தொங்கும் துணித் துண்டுகள், இடுப்பில் சொருகிய மண்வெட்டியின் பிடி, பூட்ஸின் அடியில் இருக்கும் ஆணிகள்கூட.

"சுபேதார் சார், ஒளிஞ்சிருந்து பாத்ததா கமிட்டியில சொன்னியளாமே. மலைமேல இருந்து."

"ஆமா."

"மலைமேல இருந்து பாத்தா பூட்ஸ் ஆணி தெரியுமா?"

 அவர் சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை நல்ல கேள்வி கேட்டால் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

"கடைசி அன்னைக்குத்தான் மலைமேல இருந்தேன். அதுக்கு முன்ன நாலு மாசம் இவனுவளுக்குப் பின்னால சுமந்தவனாக்கும் நான். முன்னால நடக்கவனுக்க முதுகத் தவிர வேற என்னத்தப் பாக்க முடியும்? அந்த வரிசையில மூணாவது நிக்கது நான்தான். பாரும்."

மூன்றாவது பொம்மைக்கு மீசை இருந்தது. தலையில் மூட்டையும் இருந்தது.

பதில் கச்சிதமாக இருந்தது. வெளியே வந்ததும் கோலப்பன் சொன்னான்: "அண்ணாச்சி, ஒரு நல்ல துப்பு கெடச்சுது. கையில வச்சுப் பாக்கதுக்குள்ள வாங்கி உருக்கிட்டாரு."

"அவர் சொன்னது நடக்கக் கூடியதுதான், கோலப்பா. சுமக்கிறவன் முதுகைத்தான் பார்ப்பான்."

"அப்பம் தோத்தாச்சா?"

"சுமந்தாரா என்று தெரியணும். அந்தத் தீவில் சுமந்த வேறு ஒருத்தர் இருக்கிறார். நேசம்மாள் சொன்னாள்."

யுத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் எடுத்த ராணுவ மோட்டார் சைக்கிள் ரசலையனிடம் இருந்தது. அது முட்டம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறையோரம், வெயிலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கோலப்பன் மூக்கைப் பொத்தினான்.

"தக்கலையில இருந்த வாடைக்கு இது பரவாயில்ல" என்று உடனே கையை எடுத்துவிட்டான்.

யேசுரத்தினம் விளக்கின் காவலாளி. இளைத்த மனிதர். அதே தீவில் வேறொரு முகாமில் இருந்தவர். யோவானையோ சுபேதாரையோ அங்கே பார்த்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"பாக்காதத நான் பாத்தேன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

"வேண்டாம். எப்படிச் சுமந்தீங்க என்று மட்டும் சொல்லுங்க. தலையிலா?"

யேசுரத்தினம் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தலையிலயா? வயலுல கதிருக்கட்டுச் சுமக்கதுன்னு நினைச்சியளா?"

சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். இரண்டு தோளிலும் குறுக்கே இரண்டு பட்டை, மாட்டின் கழுத்தில் நுகம் தேய்ந்த இடத்தைப் போல, கறுத்துக் காய்த்துப்போயிருந்தன. ஏழு வருஷம் ஆகியும் மறையவில்லை.

"மரப்பட்டைய வாரு மாதிரி கிழிச்சு முதுகுல கெட்டிவிடுவான். முன்னால குனிஞ்சு நடக்கணும். கை ரெண்டும் வேணும். சேறு, வழுக்கும், கொடியப் பிடிச்சு ஏறணும். மேல முழுக்கக் கொம்பும் முள்ளுக்கொடியும். சும்மா நிமுந்து நடந்தாலே நெத்தியக் கிழிக்கும்."

"கொம்பு எவ்வளவு உயரத்தில்?"

யேசுரத்தினம் தன் தலைக்குமேல் கையை வைத்துக் காட்டினார். உள்ளங்கைக்கும் தலைக்கும் நடுவே நான்கு விரல்தான் இடைவெளி.

ரசலையன் பையிலிருந்து நாடாவை எடுத்து அதை அளந்தார். ஒரு தாளில் ஏதோ வகுத்தார். "கோலப்பா, மணி என்ன?"

"ஒண்ணரை."

"ரெண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பிக்கும். நாமும் ஆடலாம்."

அவர்கள் தக்கலை போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டர் ஜெபகனி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அங்குலக்கோலோடு ஆஸ்திரேலியப் பக்கம் குனிந்து நின்றார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். ஒன்பது பெயரையும் தன் கையால் எழுதிக் கல்தச்சனிடம் கொடுத்தவர் அவர்தான்.

"சார், யோவான் பெயரை எதை வைத்து நீக்கினீங்க?" என்று ரசலையன் நேராகவே கேட்டார்.

ஜெபகனி மேசையைக் காட்டினார். "இத வச்சுத்தான். இவ்வளவு துல்லியமாச் செய்யணும்னா ஒருத்தன் கண்ணால பாத்திருக்கணுமே. நான் கணக்கு வாத்தியார். அளவு பொய் சொல்லாதுன்னு நம்புகவன்."

"நானும் அதையே நம்புகிறேன். ஒரு சந்தேகம். இந்த ஆட்டத்தில் ஆளை எப்படி நகர்த்துவீங்க?"

"கோலால அளந்து, பொம்மையத் தூக்கி, அங்க கொண்டு வைப்போம்."

"தூக்கித்தானா? தரையோடு தள்ள மாட்டீங்களா?"

"தள்ளுனா அடிவர்ணம் உரியும்லா" என்றார் சுபேதார்.

"ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்க்கட்டுமா? வர்ணம் உரியாமல் கீழே தாள் வைக்கிறேன்."

சுபேதார் மறுப்பதற்குள் ஜெபகனி, "பாரும், அதுக்கென்ன" என்றுவிட்டார்.

ரசலையன் ஒரு ஜப்பானியச் சிப்பாயைத் தாளின்மேல் நிறுத்தி, காட்டுப்பாதையில் மெல்ல இழுத்தார். மரங்கள் பாதைக்குமேல் கைகோத்தபடி நின்றன. செம்புக் கம்பி முறுக்கி, நூல் சுற்றி, சாயமேற்றிய மரத்தூளை ஒட்டிச் செய்த மரங்கள். ஒவ்வொன்றும் பலகையில் துளை போட்டுச் சொருகப்பட்டிருந்தது. சிப்பாயின் தொப்பி கொம்புகளுக்கு அடியில் மயிரிழை இடைவெளியில் போய் ஓடைக்கரையில் வெளியே வந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

"பிரமாதம்" என்றார் ரசலையன்.

சுபேதார் மீசையை நீவினார்.

அடுத்து ரசலையன் மூன்றாவது கைதியை எடுத்து அதே தாளில் நிறுத்தினார். மீசை வைத்த கைதி. இழுத்தார்.

முதல் கொம்பிலேயே மூட்டை இடித்தது. மரம் சாய்ந்தது. இன்னும் இழுத்தார். இரண்டாவது மரம் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. மூன்றாவது, நான்காவது. பாதை நெடுக மரங்கள் குப்புற விழுந்தன. ஐந்தாவது மரத்தில் கைதியே கவிழ்ந்தான்.

 கோலப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "அண்ணாச்சி, இந்த ரூட்டுல டாப்புல லக்கேஜ் ஏத்தப்படாது போல."

"கொம்பின் உயரம் இரண்டு அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு" என்றார் ரசலையன். "ஐந்தரை அடிக்குச் சற்று மேல். ஆள் ஒன்றேமுக்கால். மூட்டை அரை அங்குலம். கூட்டினால் இரண்டேகால். ஆறேமுக்கால் அடி உயரச் சுமை அதைவிடத் தாழ்ந்த காட்டுக்குள் நாலு மாசம் போயிருக்கிறது. எப்படி, சுபேதார் சார்?"

ஜெபகனி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "மூட்டைய நான் இத்தனை நாளும் தூக்கித் தூக்கி வச்சேனே. தெரியல்லியே."

"அந்தத் தீவில் சுமந்தவர்கள் முதுகில் சுமந்தார்கள். முட்டத்தில் ஒருவரின் தோளைப் பார்த்துவிட்டு வருகிறேன். தலையில் சுமப்பது நம் ஊர் வழக்கம். நாஞ்சில் நாட்டில் சுமை என்றாலே நமக்குச் சும்மாடுதான் தோன்றும். சுமந்து பார்க்காதவர், வீட்டில் உட்கார்ந்து யோசித்துச் செய்தால், அப்படித்தான் செய்வார்."

சுபேதாருக்கு இப்போது தப்ப ஒரு வழி இருந்தது. மரத்தின் அளவு தவறிப்போய்விட்டது, கொம்பைத் தாழ்த்தி வைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். ஜெபகனியே அதை எடுத்துக் கொடுத்தார். நண்பர் அல்லவா, பாவம்.

"இஸ்ரவேல், மரத்துல பிசகு வந்திருக்குமோ? கொம்பு கொஞ்சம் கீழ வச்சிட்டியா?"

"மரத்துலயா?" சுபேதாரின் முகம் சிவந்தது. "எனக்க மரத்துலயா பிசகு? ஒவ்வொரு கொம்பையும் நான் அங்கயே கையால அளந்து மனசுல வச்சிருந்தவனாக்கும்! அந்த ரெண்டாவது கொம்பு எனக்கத் தொப்பிய எத்தன தடவ தட்டிவிட்டிருக்கு தெரியுமா? குனிஞ்சு எடுக்கதுக்குள்ள..."

நிறுத்தினார்.

"தொப்பி" என்றார் ரசலையன் மெதுவாக. "கைதிக்குக் கோவணம். மேலே மூட்டை. நடுவில் தொப்பியா?"

தாயக்கட்டை ஜெபகனியின் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. யாரும் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

"சுமந்தியா, சுமக்கலியா?" என்று கேட்டார் ஜெபகனி. "நேராச் சொல்லு."

சுபேதார் கவிழ்ந்த மரங்களில் ஒன்றை எடுத்து, அதன் துளையில் திரும்பவும் சொருக முயன்றார். மரம் நிற்கவில்லை.

"சுமந்தவனெல்லாம் செத்தான்" என்றார். "எனக்கு ஜப்பான்காரன் பாஷை நாலு வார்த்தை தெரியும். மேஸ்திரியாப் போட்டான். தொப்பி குடுத்தான். சோறும் குடுத்தான். ஓடைப் பக்கம் நாலு பேரு ஒளிஞ்சிருக்கானுவன்னு அவன் கேட்டப்பம் சொன்னேன். சொல்லாட்டா என்னைக் கொன்னிருப்பான்."

"யோவான்?"

"அவன் அவங்களுக்குச் சோறு கொண்டு போவான். தனக்கு உள்ளதுல பாதி. அன்னைக்கும் அங்க நின்னான். அஞ்சாவதா அவனையும்..."

"நீ முன்னால போனியா, வழி காட்ட?"

"முன்னால போறவனுக்குல்லா முதல்ல அடி விழும். நான் பின்னால நின்னேன்."

அதனால்தான் முதுகு. அத்தனை முடிச்சும், அத்தனை ஆணியும். ஓடைக்கரையில் நின்ற ஜப்பானியச் சிப்பாயை ரசலையன் முதுகு தெரியாமல் மல்லாத்தி வைத்தார்.

"பின்ன எதுக்குலே அவனக் கையை நீட்ட வச்ச?" என்று கேட்டார் ஜெபகனி. "செத்தவன விட்டிருக்கலாமே!"

"யாரோ காட்டிக் குடுத்தான்னு ஊருல பேச்சு இருந்துதே, சாரே. மேசையில அந்த எடத்துல ஒரு ஆளு வேண்டாமா?"

சொன்னவர் முகத்தில் வெட்கம் இல்லை. ஒரு கணக்கை விளக்கியதுபோல இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. கோலப்பனுக்கும் ஒரு வேடிக்கை தோன்றவில்லை. "சவத்து மூதி" என்று மட்டும் சொன்னான்.

ஜெபகனி எழுந்து பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளியில் தண்ணீர் இறைத்து, சோப்புப் போட்டு, முழங்கைவரை கழுவினார். இன்னொரு முறை இறைத்துக் கழுவினார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பொம்மைகளைத் தூக்கி வைத்த கை. துடைக்காமல், ஈரத்தோடு திரும்பி வந்து, "கல்லு மயிலாடியிலயாக்கும் இருக்கு. வண்டி பிடியும்" என்றார்.

வழியில் நாகர்கோவிலில் நேசம்மாளை ஏற்றிக்கொண்டார்கள். அவளிடம் ஜெபகனிதான் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "சோறு கொண்டு போனாரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

மயிலாடியில் பூதலிங்க ஆசாரியின் பட்டறையில் கல் படுத்துக் கிடந்தது. ஐந்தடிக் கருங்கல், மெருகு ஏற்றியது. ஒன்பது பெயர்கள். ஒன்பதாவதுக்குக் கீழே நான்கு விரல் இடம் இருந்தது.

"எழுதிரலாம்" என்றார் ஆசாரி. "விடியுமட்டும் உக்காந்தா முடிச்சிருவேன்."

நேசம்மாள் குனிந்து பார்த்தாள். நான்கு விரல் இடத்துக்கும் கீழே, கல்லின் அடி ஓரத்தில், இன்னொரு வரி இருந்தது. சுபேதார் தா. இஸ்ரவேல் அன்பளிப்பு.

"வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"இந்தப் பேரு இருக்க கல்லுல அவரு பேரு வேண்டாம்."

"அம்மா, அழிச்செழுத இது சிலேட்டு இல்ல" என்றார் ஆசாரி. "வேற கல்லு எடுத்து மெருகு போட ஒரு வாரமாவும். நாளைக்குல்லா திறக்கணும்?"

"அப்பம் ஒம்பது பேரோடயே நாட்டுங்க. நான் போறேன்."

இதுவரை வந்து, கடைசி நான்கு விரலில் எல்லாம் நின்றுபோனது. ஜெபகனி தலையில் கை வைத்துக்கொண்டார்.  ஆசாரி மட்டும் அந்த வரியின் மேல் கட்டை விரலை ஓட்டினார். பிறகு கல்லின் விளிம்பை விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"அழிக்க முடியாது. பிளக்கலாம்" என்றார்.

கருங்கல்லை யாரும் அடித்து உடைப்பதில்லை. அடித்தால் அது தன் இஷ்டத்துக்கு உடையும். பிளக்க வேண்டிய கோட்டில் விரல் அகலத்துக்கு ஒன்றாக வரிசையாகக் குழி வெட்ட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு ஆப்பு. பிறகு சுத்தியலால் முதல் ஆப்பை ஒரு தட்டு, அடுத்ததை ஒரு தட்டு, கடைசிவரை போய்த் திரும்ப முதலிலிருந்து. எந்த ஆப்பையும் இரண்டு தடவை சேர்த்து அடிக்கக் கூடாது. எல்லா ஆப்பும் ஒரே அளவு இறுக வேண்டும். முதலில் ஒவ்வொன்றும் மணிபோலக் கணீரென்று ஒலிக்கும். கல்லுக்குள் பிளவு ஓடத் தொடங்கியதும் ஒலி மட்டுப்படும். காதுதான் வேலை செய்கிறது, கை அல்ல.

குழி வெட்ட ஒரு மணி நேரம் ஆனது. நேசம்மாள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

ஆசாரி தட்டிக்கொண்டே போனார். நான்காவது சுற்றில் கணீர் குறைந்தது. ஐந்தாவதில் மொத்தென்று கேட்டது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. கோலப்பன் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் நூல் கிழிவதுபோல ஒரு சத்தம். அடி ஓரம் நேர்கோடாகப் பிரிந்து மணலில் சாய்ந்தது. மேல் கல்லில் ஒரு கீறல் இல்லை.

ஆசாரி காவிக் கட்டியைத் தண்ணீரில் தொட்டு, ஒன்பதாவது பெயருக்குக் கீழே 'யோ' என்று எழுதினார். அளவு சரியா என்று நேசம்மாளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"கீழ விழுந்த துண்டு நல்ல கல்லு" என்றார் அவர் உளியை எடுத்துக்கொண்டே. "பேரை அடிப்பக்கமாத் திருப்பிப்போட்டா ஒரு சின்ன அம்மி அடிக்கலாம். வீட்டுக்கு வேணுமாம்மா?"

நேசம்மாள் அந்தத் துண்டைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது.

"அதுல அரைச்சத எவ தின்பா?" என்றாள். பிறகு கல்லின் அருகே தரையில் உட்கார்ந்து, "நீங்க எழுதுங்க" என்றாள்.